நயினார் பேரில் போட்ட சீட்டு

நயினாருக்கு வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்த நாளில் காலையிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை. வல்லம் வடகாலில் மழை விழுந்தால் தண்ணீர் போக்கிடம் தெரியாமல் நிற்கும். போகிற வழியிலெல்லாம் கம்பெனிச் சுவர்கள். கண்டெய்னர் லாரிகள் உழுது போட்ட ரோட்டோரச் சேற்றில், செருப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நயினார் வீடு வந்து சேர்ந்தான். இன்னொரு கையில் அரைக் கிலோ லட்டு, அரைக் கிலோ காராச்சேவு. சட்டைப் பைக்குள் பாலிதீன் உறை, உறைக்குள் உத்தரவு.

வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் ஏழு வருஷமாகக் காண்ட்ராக்டில் கிடந்தவன். வருஷா வருஷம் பட்டியல் ஒட்டுவார்கள், வருஷா வருஷம் இவன் பேர் மட்டும் இருக்காது. ஊரில் மாமனார் மாமியாருக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போயிருந்தான். அதனால் அவன் பெண்டாட்டி செல்வலட்சுமி அந்தத் தாளை வாங்குவதற்கு முன்னால் ஈரக்கையை நைட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள்.

"பேரு சரியாப் போட்டிருக்கானா, பாத்தியளா?"

"எளுத்து எளுத்தாப் பாத்தாச்சு. பஸ்ல வரும்போதே நாலு தடவை பாத்தாச்சு."

"ஏல மாகாளி, எந்திரில. அத்தானுக்கு பெர்மனென்ட் ஆயிட்டு."

உச்சிமாகாளி செல்வலட்சுமியின் தம்பி. இருபத்தாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து, அத்தான் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே சேர்ந்தவன். முதல் ஷிப்ட் முடித்து வந்து சுவரோரமாக முடங்கிக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான்.

"இந்தச் சேவோட முடிச்சிரலாம்னு பாக்காதிய அத்தான். பிரியாணி வேணும்."

"முதல்ல இதத் தின்னுல."

மாகாளி ஒரு சேவை எடுத்து வாயின் வலது பக்கமாகச் செருகினான். தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகக் கடித்தான். இரண்டாவது கடியில் முகம் அப்படியே நின்றுபோயிற்று. எழுந்து வெளியே குழாயடிக்குப் போனான். செல்வலட்சுமி பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். அவன் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர், மழைத் தண்ணீரோடு சேர்வதற்கு முன்னால், ரோஸ் நிறமாக இருந்தது.

அந்த வரிசையில் எட்டு வீடு. எட்டும் செங்கமலத்துக்குச் சொந்தம். எட்டுக்கும் ஒரே குழாயடி. செங்கமலம் தன் வீட்டு வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இன்னா செல்வி, உன் தம்பி ரத்தமா துப்பறான்?"

"வாய்ப்புண்ணுக்கா. சூடு."

"இன்னா சூடு? ஆடி மாசத்துல கேட்டாலும் சூடுன்ன. இப்ப மயை கொட்டிகினு கீது, இப்பவும் சூடுன்றே. ஒரு புண்ணு இத்தினி நாளு ஆறாம கீது, நீ பாட்டுக்கு கீரைய ஆஞ்சிகினு குந்திகினு கீற. ஆசுபத்திரிக்கு இட்டுகினு போமே."

செல்வலட்சுமிக்குச் சுருக்கென்றது. கீரை விஷயம் உண்மைதான். நாலு மாதமாக மணத்தக்காளிக் கீரை. தேங்காய்ப் பால் விட்டு, மிளகு போடாமல், வாரத்தில் நாலு நாள். மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை. அப்புறம் ஒரு ஜெல்; தடவினால் பத்து நிமிஷம் மரத்துக் கிடக்கும், அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அவன் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வான். மரப்பு விட்டதும் தட்டைத் தள்ளிவிடுவான். ரசம் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், சூடாக எதுவும் வேண்டாம். முட்டைத் தோசை நாலு தின்கிறவன், இட்லியைப் பாலில் கரைத்துக் குடிக்கிறான்.

எல்லாருக்கும் ஒரே பேச்சுதான், அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதே என்று. பீடி இல்லை, சிகரெட் இல்லை, குடி இல்லை. நயினார் மாதிரி புகையிலைப் பொட்டலம் அதக்குகிறவனும் இல்லை. வாய் கெட்டுப்போக வேண்டுமென்றால் அது நயினாருடைய வாய்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும். அந்த நினைப்பில்தான் மூன்று பேரும் நாலு மாதத்தை ஓட்டிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஆனி மாதத்தில் கம்பெனி கேண்டீனில் பல் கேம்ப் போட்டார்கள். தண்டலத்துப் பக்கம் இருக்கிற பல் காலேஜிலிருந்து டாக்டர்களும் படிக்கிற பிள்ளைகளும் வந்தார்கள். நிரந்தரம் பண்ணுவதற்குப் பேர் குறித்து வைத்திருந்தவர்கள் மட்டும் கட்டாயம் காட்ட வேண்டும் என்று நோட்டீஸ். நயினாருக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் வாயில் புகையிலைக் கறை இருந்த மூன்று பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள் என்று லைனில் ஒரு பேச்சு இருந்தது. யார் அந்த மூன்று பேர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று பேர் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் நயினாருக்கு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை. ஐந்து வருஷத்தில் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விறைத்து, வாய் பாதிதான் திறக்கும். செல்வலட்சுமிக்குத் தெரியும். அவன் கொட்டாவி விடும்போது கையால் மறைப்பதும், சோற்றை உருண்டை பிடிக்காமல் விரல் நுனியால் தட்டையாக உள்ளே தள்ளுவதும் அவள் பார்த்ததுதான்.

கேம்ப் அன்றைக்கு அவன் மச்சினனிடம் கேட்டான்.

"மாப்ள, எனக்கு ஒரு உதவி செய்யணும்ல."

"சொல்லுங்க அத்தான்."

"என் கார்டப் போட்டுக்கிட்டு நீ போயி வாயக் காட்டிட்டு வந்துரு. தொப்பியும் மாஸ்க்குமா இருக்கும், யாருக்கும் தெரியாது. நம்பரத்தான் கேப்பாவ. ஒன் வாயி சுத்தமான வாயி."

"போட்டோல நீங்கல்லா இருக்கிய?"

"அது ஏளு வருசத்துக்கு முந்தின போட்டோ. அதுல நானே நான் மாதிரி இல்ல."

மாகாளி பட்டியலில் இல்லாத ஆள், அவனை யாரும் கேம்ப்புக்குக் கூப்பிடவில்லை. அத்தான் கார்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனான். ஒரு டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடியை வைத்து நாக்கை ஒதுக்கினாள். அங்கேதான் நின்றாள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் முனை உடைந்து கத்தி மாதிரி நிற்கிறது, அது நாக்கின் ஓரத்தில் உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது என்றாள்.

அந்தப் பல் உடைந்த கதையும் கம்பெனியோடு சேர்ந்ததுதான். ஒயர்களைச் சேர்த்துப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினால், மிஞ்சுகிற வாலைக் கட்டரால் நறுக்க வேண்டும். கட்டர் மூன்று பேருக்கு ஒன்று. கை மாறி வருவதற்குள் ஒயர் கட்டுகிற போர்டு நகர்ந்து போய்விடும். அதனால் வாலைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பு. சூப்பர்வைசர் திரும்புகிற நேரத்தில் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாகாளி அதில் கெட்டிக்காரன். ஒரு நாள் வாலோடு சேர்ந்து பல்லில் ஒரு சில்லும் வந்துவிட்டது. துப்பிவிட்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டான்.

டாக்டரம்மா போட்டோ எடுத்துக்கொண்டாள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரத்துக்குள் தண்டலத்துக்கு வர வேண்டும், முனையைத் தேய்த்துவிட வேண்டும், அதற்கப்புறமும் இரண்டு வாரத்தில் புண் ஆறவில்லை என்றால் வேறு டெஸ்ட் பார்க்க வேண்டும்.

சீட்டில் எழுதியிருந்த பேர் நயினார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரே சிரிப்பு.

"அத்தான், ஒங்க பல்லு கத்தி மாதிரி இருக்காம். ஒங்க நாக்குல புண்ணாம். எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லா இருக்கேன்."

செல்வலட்சுமி அடுப்படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நயினாரும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்த பிறகு சீட்டை மடித்து கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் வைத்தான்.

"இந்தச் சீட்டோட நீ போனா ஆள் மாறுனது தெரிஞ்சிரும். சீட்டு இல்லாம போனாலும் அந்த அம்மா மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிரும். ஆர்டர் வரட்டும். பொறவு நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒரகடத்துலயே நாலு பல் டாக்டர் இருக்காவளே, அங்க காட்டலாம்லா?" என்று செல்வலட்சுமி ஒரு தடவை கேட்டாள்.

"பல்லப் புடுங்கணும்பாவ. ரெண்டு நாள் லீவு போடணும். ஒரு பல்லுதானக்கா, கெடக்கட்டும்" என்று மாகாளியே சொல்லிவிட்டான்.

அத்தோடு போயிருந்தால் செல்வலட்சுமிக்கு இந்த அளவுக்கு நெஞ்சு வேகாது. போன் வந்ததே. தண்டலத்து நம்பர். முதல் தடவை நயினார் கட் பண்ணினான். இரண்டாவது தடவை அடித்து ஓயட்டும் என்று விட்டான். தெரியாத நம்பர் எதுவாக இருந்தாலும் ஊருக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லிவிடு என்று பொண்டாட்டியிடம் சொல்லியும் வைத்தான். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது மூன்றாவது தடவை அடித்தது. செல்வலட்சுமி எடுத்தாள்.

"நயினார் இருக்காரா? பல் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். கேம்ப்ல பாத்தோமே, நாக்குல புண் இருந்தது. ஆறிடுச்சானு கேக்கணும்."

"அவிய ஊருக்குப் போயிருக்காவ."

"எப்ப வருவார்?"

"தெரியல மேடம்."

"வந்த உடனே வரச் சொல்லுங்கம்மா. மறந்துடாதீங்க. அது சாதாரணப் புண்ணா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"சரி மேடம்."

போனை வைத்துவிட்டு அவள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். மாகாளியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. நயினார் என்று கேட்டார்கள், நயினாருக்காகப் பதில் சொன்னாள். அவள் மனதில் அது நயினாரின் வேலை சம்பந்தப்பட்ட போனாகத்தான் இருந்தது. ஒரு நாக்கு சம்பந்தப்பட்ட போன் என்று அப்போது உறைக்கவில்லை.

இப்போது குழாயடியில் நின்றபோது உறைத்தது. உள்ளே வந்தாள். நயினார் உத்தரவை சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் தண்டலம் போணும்" என்றாள்.

"நாளைக்கா? நாளைக்கு ஹெச்.ஆர்ல கையெளுத்துப் போடக் கூப்பிட்டிருக்காவ. ஒரு ரெண்டு நாள் களிச்சு…"

"நாளைக்கு."

"செல்வி, நான் என்ன சொல்லுதேன்னா…"

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நாலு மாசமா நீங்க சொன்னதத்தான் கேட்டோம். நீங்களும் வாரிய. சீட்டு ஒங்க பேர்லல்லா இருக்கு."

லட்டுப் பெட்டி திறந்தபடியே கிடந்தது. எறும்பு வருகிறதே என்று மாகாளிதான் எடுத்து மூடி வைத்தான்.

மறுநாள் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரில் மாறி, தண்டலத்தில் இறங்கும்போது மணி பத்து. மாகாளி ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தான். கன்னத்தில் கையை வைத்திருந்தான். காதுக்குள் குத்துகிறது என்று ஒரு வாரமாகச் சொல்கிறான்.

ஆஸ்பத்திரி மண்டபத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். வடநாட்டுப் பையன்கள், கம்பெனிச் சீருடையில் பெண்கள், பல்செட்டு கட்ட வந்த வயசாளிகள். கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"புதுசா, பழசா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்வலட்சுமி கேஸ் புத்தகத்திலிருந்து எடுத்து வந்த சீட்டை நீட்டினாள்.

"நயினார் யாரு?"

"இவிய. ஆனா காட்ட வந்தது இவன்."

"அப்ப இவருக்குப் புதுசா போடணும்."

"இல்லம்மா. பளசுதான். பேருதான் மாறிப் போச்சு. டாக்டரப் பாத்தாச் சொல்லுதேன்."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்த டாக்டரின் பேரைப் படித்துவிட்டு இரண்டாவது மாடிக்கு அனுப்பினாள்.

டாக்டர் மேதா ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். பல் படிப்பு முடித்து மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சீட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"நயினார். அப்பாடா, வந்துட்டீங்களா? எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? உக்காருங்க."

மாகாளி நாற்காலியில் உட்கார்ந்தான். இத்தனை நாளும் விளையாட்டுக்குப் போட்டுக்கொண்ட பேர் இப்போதும் அவனைக் கூப்பிடுகிறது. அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"மேடம், இவன் பேரு நயினார் இல்ல" என்றாள் செல்வலட்சுமி. "உச்சிமாகாளி. என் தம்பி. நயினாருங்கது என் வீட்டுக்காரரு, இந்தா நிக்காவ. அன்னைக்கு இவுகளுக்குப் பதிலா இவன் வந்தான்."

மேதா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்?"

நயினார் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குப் புகையிலைப் பளக்கம் இருக்கு. கம்பெனிக்கு ரிப்போர்ட் போனா பெர்மனென்ட் கெடைக்காதுன்னு சொன்னாவ."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

"நாங்க கம்பெனிக்கு ஒருத்தர் பேரும் குடுக்கலைங்க. இத்தனை பேருக்குச் சொத்தை, இத்தனை பேருக்கு ஈறு வீக்கம்னு எண்ணிக்கைதான் குடுத்தோம். யாரு வாயில என்ன இருக்குன்னு சொல்ற வழக்கமே இல்ல."

நயினார் தலையைக் குனிந்துகொண்டான். மேதா கம்ப்யூட்டரைத் திருப்பி எதையோ தேடினாள். ஆனி மாதம் எடுத்த போட்டோ வந்தது. ஓரத்தில் நயினார் என்ற பேர், நடுவில் மாகாளியின் நாக்கு. இளஞ்சிவப்பு நாக்கின் இடது ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு வெளுப்பு.

"போன்ல ஒரு அம்மா பேசினாங்க. ஊருக்குப் போயிருக்கார்னு."

"நான்தான் மேடம்."

மேதா அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கை இழுத்து மாகாளியின் வாய்க்கு நேராக வைத்தாள்.

"நாக்கை நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். முடியலையா? சரி, பரவால்ல."

பஞ்சுத்துணியால் நாக்கு நுனியைப் பிடித்து ஒதுக்கினாள். செல்வலட்சுமி நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பட்டாணி இப்போது புளியங்கொட்டை அளவு. நடுவில் குழி, ஓரமெல்லாம் தடித்து எழும்பியிருந்தது. மேதா விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தில். கழுத்தில் ஒரு இடத்தில் விரல் நின்றது. மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

"சாப்பிட முடியுதா?"

"ஜெல்லு தடவிட்டுச் சாப்பிடுவேன் மேடம்."

"காது வலிக்குதா?"

"எப்படி மேடம் தெரியும்?"

அவள் தேய்க்கிற மிஷினைக் கையில் எடுத்தாள். "முதல்ல இந்த முனையைத் தேய்ச்சுடறேன். அன்னைக்கே வந்திருந்தா இது அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்கிற மாதிரி விளக்கைச் சரி செய்தாள். மிஷின் கீச்சென்று சத்தம் போட்டது. அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. மாகாளி நாக்கை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தான்.

"வழுவழுன்னு இருக்குக்கா" என்றான் ஆச்சரியமாக. "உரசவே இல்ல."

செல்வலட்சுமி வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அன்றைக்குக் கேம்ப்பில் அவன் அத்தான் கார்டைப் போட்டுக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அவன் வாயை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்த ஒரே கண்ணும் இன்னொருத்தன் பேரில் பார்த்தது. பார்த்ததோடு விடாமல் தேடித் தேடிக் கூப்பிட்டது. இவள்தான் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பினாள்.

புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ஊசி போட்டு மரக்கவைத்து எடுத்தார்கள். சின்னக் குப்பியில் மருந்துத் தண்ணீருக்குள் அது மிதந்தது. நர்ஸ் லேபிள் ஒட்டப் பேனாவை எடுத்தபோது மேதா, "இருங்க" என்று நிறுத்தினாள். "பேரு நானே எழுதறேன். உச்சிமாகாளி. அப்பா பேரு?"

"நம்பிராஜன்" என்றாள் செல்வலட்சுமி.

கிளம்புகிற நேரத்தில் மேதா நயினாரைக் கூப்பிட்டாள்.

"நீங்க வாயத் திறங்க பாக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். இவனப் பாருங்க."

"அவரைப் பாத்தாச்சு. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல், மூணையும் சேத்து நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வைங்க."

நயினார் வைத்துப் பார்த்தான். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது பல்லில் இடித்துக்கொண்டு வெளியே நின்றது. நாற்பதை நெருங்கிய ஆள், வாசலில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்க்க, வாயில் விரலை வைத்தபடி நின்றான்.

"இன்னையோட அந்தப் பொட்டலத்தை நிறுத்தணும். ஐஸ் குச்சியை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வெச்சுப் பயிற்சி செய்யணும், வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டணும். மாசா மாசம் வந்து காட்டணும். உங்க பேர்லயே."

"சரி மேடம்."

திரும்பி வரும்போது மாகாளியால் பேச முடியவில்லை, வாயில் பஞ்சு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது நயினார் டீ வாங்கப் போனான். செல்வலட்சுமி தம்பியின் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"போன் வந்தத நான் ஒங்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன்ல."

அவன் பஞ்சை எடுத்துவிட்டு, மரத்த நாக்கை மெல்ல அசைத்துச் சொன்னான்.

"சீட்டக் கொண்டாந்து காட்டிட்டுச் சிரிச்சது நான்தானக்கா. எல்லாருந்தான சிரிச்சோம்."

"நீ சின்னப் பய."

"இருபத்தாறு வயசு. விடு."

பன்னிரண்டு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. செல்வலட்சுமியும் நயினாரும் மட்டும் போனார்கள். மேதா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். புற்றுநோய்தான். முற்றிப்போனது இல்லை, ஆரம்பம் என்று சொல்லவும் முடியாது. கழுத்து நெறிக்கட்டியையும் எடுக்க வேண்டியிருக்கும். நாக்கில் ஒரு பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், அங்கே அவளுடைய சீனியர் இருக்கிறார்.

"பேச்சு வருமா மேடம்?"

"வரும். ஆனா இப்ப மாதிரி இருக்காது. பயிற்சி குடுப்பாங்க. வீட்டு ஆளுங்களுக்குப் புரியும், வெளி ஆளுங்களுக்குப் புரியறதுக்கு நாளாகும்."

"அவனுக்கு ஒரு பளக்கமும் கெடையாதே மேடம்" என்றான் நயினார். "நான்ல போடுதேன் புகையிலை. எனக்குல்லா வரணும்."

"புகையிலை போட்டா வர வாய்ப்பு அதிகம். போடாதவங்களுக்கு வரவே வராதுன்னு இல்லைங்க. எதனால வந்துதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதான் ஆறாத புண்ணை விடக்கூடாதுன்னு சொல்றோம்."

வீட்டுக்கு வந்து மாகாளியிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் வழியெல்லாம் யோசித்தார்கள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றவன் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வெட்டணுமாம்?" என்று கேட்டான். அவள் கட்டை விரலால் சுண்டு விரலின் பாதியைக் காட்டினாள். அவன் தன் சுண்டு விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குளிக்கப் போனான்.

மறுநாள் காலையில் மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் மழை வெறித்திருந்தது. இரண்டாவது ஷிப்ட்டுக்கு ஆளை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தன. செங்கமலம் நொய்க்கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "துன்ன சொல்லு, ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் போனதே செல்வலட்சுமிக்கு என்னவோ செய்தது.

மாகாளி வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மா அப்பாவுக்கு விஷயம் தெரியாது. வெட்டி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். ஐதராபாத்துக்கு டிரெயினிங் அனுப்புகிறார்கள், ஒரு மாதம் போன் பேச முடியாது என்று சொல்லத்தான் கூப்பிட்டான். ஒரு நிமிஷத்துப் பேச்சு. ஆனால் அவன் வைக்கவில்லை.

"மூணாவது ஆடு குட்டி போட்டுட்டா? எத்தன? என்ன நெறம்? … ம். … வடக்குத் தெரு முருகையா மவ கல்யாணம் என்னாச்சு? … அப்புறம் அந்த வாழைக்குத் தண்ணி? … யம்மா, நான் ஆறாப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துல ஒரு பாட்டு பாடி டம்ளர் வாங்கிட்டு வந்தேனே, அது இன்னும் இருக்கா? … சிரிக்காத, சும்மாத்தான் கேக்கேன்."

பேசினால் அவனுக்கு வலிக்கும் என்று செல்வலட்சுமிக்குத் தெரியும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசினான். முதலில் அம்மாவிடம், பிறகு அப்பாவிடம், பிறகு மறுபடியும் அம்மாவிடம். மாமன் மக்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி விசாரித்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மாவின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"என்னல, இன்னைக்கு இம்புட்டுப் பேசுத? காசு போகும்லா?"

"காசெல்லாம் போவாதும்மா. நீ பேசு."

"மருமவன் இருக்காவளா? குடு. வேலை நெரந்தரம் ஆனதுக்கு அவுகட்ட ஒரு வார்த்த நல்லதாச் சொல்லல."

மாகாளி போனை நீட்டினான். நயினார் வாசலுக்கு வெளியே, சேற்றில் போட்டிருந்த செங்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினான். மாகாளி நீட்டிய கையை மடக்கவில்லை.

"மருமவனே, நல்லா இருக்கியளா?"

"இருக்கேன் அத்தை."

"கேட்டதும் எங்களுக்கு வயிறு நெறஞ்சு போச்சு. ஏளு வருசமா கஷ்டப்பட்டிய. இனிமே என்ன கொறை? நம்ம மாகாளியையும் பாத்துக்கிடுங்க. ஒங்களமாரி அவனையும் ஒரு எடத்துல நெரந்தரமா நிக்க வச்சிட்டியன்னா நாங்க கண்ண மூடிக்கிடுவோம். ஒங்கள நம்பித்தான் அனுப்பியிருக்கு."

நயினாரின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் அம்மா, "கேக்கா? மருமவனே, லைன்ல இருக்கியளா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"சரி அத்தை" என்றான்.

போனைக் கொடுத்துவிட்டு அவன் பஸ்கள் போகிற ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை. மாகாளி போனை மறுபடியும் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "அப்புறம் சொல்லும்மா" என்றான்.

கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது. சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று எழுந்த செல்வலட்சுமி, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் இப்போது கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.